தலைவலிக்குச் சாட்சி

சகலையின் தலைவலியை அரசாங்கம் ஒப்புக்கொண்டது. கம்பியின் தலைவலியை ஒப்புக்கொள்ளவில்லை.

இரண்டு பேரும் பட்டாளத்தில் ஒரே பீரங்கியில் வேலை பார்த்தவர்கள். கம்பி குண்டைத் தூக்கிக் கொடுப்பான், சகலை உள்ளே தள்ளுவான். ஒரே சத்தம்தான் இரண்டு மண்டைக்குள்ளும் போனது. எந்த அதிகாரி வந்தாலும் விறைத்து நிற்பதால் இவனுக்கு அங்கே விழுந்த பெயர் கம்பி. அக்காளை இவன் கட்டினான். தங்கையை நண்பனுக்குப் பேசி முடித்துச் சகலை ஆக்கிக்கொண்டதும் இவன்தான். அக்கா செத்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. தங்கை சகலையோடு நன்றாக இருக்கிறாள்.

ஊன ஓய்வூதியம் கிடைத்ததிலிருந்து சகலை எது செய்தாலும் கம்பிக்கு உறுத்தியது. டீக்கடையில் அவன் சிரித்தால், தலைவலிக்காரன் சிரிக்கிற சிரிப்பைப் பார் என்று உள்ளுக்குள் பொருமினான். அவன் பிள்ளையைத் தோளில் ஏற்றினால், இந்தத் தோளுக்கு மேலேதான் அந்தத் தலை இருக்கிறதாக்கும் என்று நினைத்தான். வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லாததால் இன்னும் புழுங்கினான்.

கம்பி கெடுத்துக்கொண்டது தன்னால்தான். முதல் மருத்துவப் பரிசோதனை நாளன்று தலைவலி வந்து எழுந்திருக்கவே முடியவில்லை. ஆள் வரவில்லை என்று எழுதிவிட்டார்கள். அடுத்த முறை உடம்பு தேவலையாக இருந்தது. சவரம் செய்து, சட்டையைத் தேய்த்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு போனான். டாக்டர், "எப்படி இருக்கீங்க?" என்றார். பட்டாளத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு.

"நல்லா இருக்கேன் சார்."

டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார்.

சகலையும் அதே பதிலைத்தான் சொன்னானாம். அவன் கூடப் போயிருந்தவள் விடவில்லை.

"எம் பொண்டாட்டி என்னைப் போட்டுக் கொடுத்துட்டா சகலை," என்று டீக்கடையில் அவனே சொல்லிச் சிரித்தான். "'பொய் சொல்றாரு சார். நேத்துப் பூரா குளியலறைத் தரையில கிடந்தாரு. பிள்ளை பென்சில் சீவுற சத்தம்கூட ஆகலை'ன்னு டாக்டர்கிட்ட ஒரே புகார். உள்ள தள்ளிருவாங்களோன்னு பயந்துட்டேன். பாஸ் பண்ணிட்டாங்க."

கம்பியும் சிரித்தான். டீ கசந்தது.

கம்பி ஒரு கோடவுனில் சரக்கு தூக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். தலைவலிக்கு முன்னால் பாதிப் பார்வை கரைந்துவிடும். வண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்வான். நாலைந்து தடவை பொறுத்துப் பார்த்த மேனேஜர், இனி வரவேண்டாம் என்றார். இப்போது ஓய்வூதியத்துக்கான மேல்முறையீடு ஒன்றுதான் பாக்கி.

"இதுதான் கடைசி," என்றார் வக்கீலம்மா. "இதுல போச்சுன்னா அப்புறம் கதவு கிடையாது. நீங்க படுத்துக் கிடந்ததை நேர்ல பாத்தவங்க யாராவது உண்டா?"

"ஒருத்தி பாத்திருக்கா."

"கூட்டிட்டு வாங்களேன்."

"அவ வர முடியாதுங்க."

வக்கீலம்மா பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். "கொழுந்தியா இருக்காங்கல்ல? கேட்டுப் பாருங்க."

கேட்கப் போனான். வாசல்படியில் பிள்ளைகள் குசுகுசுவென்று வீட்டுப்பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்தியா உதட்டில் விரலை வைத்தபடி கதவைத் திறந்தாள். ஜன்னலில் எல்லாம் போர்வை தொங்கியது.

"மெதுவா வாங்க மாமா. உள்ள படுத்திருக்காரு."

கம்பி நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். வந்த விஷயத்தை ஆரம்பிப்பதற்குள் உள்ளறையிலிருந்து "ஏய்" என்று ஒரு முனகல். அவள் போய்விட்டு வந்தாள்.

"என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. நான் இருக்கேனான்னு பாத்தாரு."

சகலைக்கு வலிப்பது உண்மைதான் என்று கம்பிக்கு இப்போது தெரிந்துவிட்டது. அதனால் பொறாமை குறையவில்லை. அது பொய் வலியாக இருந்திருந்தாலாவது தேவலை என்று தோன்றியது.

விஷயத்தைச் சொன்னான்.

"வர்றேன் மாமா. அதுக்கென்ன? ஆனா உங்களுக்கு வந்து நான் பாத்ததே இல்லையே. அக்கா எங்க விட்டா? வாசல்லயே நிறுத்தி, 'அவரு தூங்குறாரு, அப்புறமா வா'ன்னு அனுப்பிருவா. உங்க மானம் அவ கையில பத்திரமா இருந்துச்சு."

"அக்கா சொன்னதைச் சொல்லு."

"அவ எதைச் சொன்னா? உங்களை மாதிரியேதான் அவளும்."

விசாரணை நாளில் வராந்தாவில் காத்திருக்க வைத்தார்கள். எதிர்ச்சுவர் பூராவும் கண்ணாடி. வெயில் நேராக முகத்தில் அடித்தது. பயத்தில் கம்பி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. சகலை துணைக்கு வந்திருந்தான். சாட்சியை மட்டும்தான் உள்ளே விடுவோம் என்று சொல்லி அவனை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

உள்ளே நீள மேஜை. தலைவராக ஓய்வுபெற்ற அதிகாரி. ஒரு பக்கம் டாக்டர், இன்னொரு பக்கம் கோப்போடு ஒருவர். உத்தரத்தில் ஒரு டியூப்லைட் வெட்டி வெட்டி எரிந்தது.

கொழுந்தியா எழுந்து, "அக்கா இருந்தப்போ..." என்று ஆரம்பித்தாள்.

"கேள்விப்பட்டது வேண்டாம்மா," என்றார் தலைவர். கனிவாகத்தான் சொன்னார். "நீங்க கண்ணால பாத்தது?"

அவள் உட்கார்ந்துவிட்டாள். தலைவர் கம்பியின் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க. இப்ப எப்படி இருக்கீங்க?"

தலைவரின் முகத்தில் பாதி அப்போது இல்லை. அந்த இடத்தில் உடைந்த கண்ணாடி மாதிரி ஏதோ மினுமினுத்தது. கம்பி எழுந்தான். குதிகால் சேர்ந்தது. முதுகு நிமிர்ந்தது.

"நல்லா இருக்கேன் சார்."

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார். கொழுந்தியா கம்பியையே பார்த்தாள். பிறகு யாரையும் கேட்காமல் எழுந்து சுவரோரம் போய் எல்லா விளக்கையும் அணைத்தாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"அவருக்கு வந்துருச்சு சார். இடது கண்ணு சிறுத்துப் போச்சு பாருங்க. உதடு வெளுத்துருச்சு. எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆரம்பிக்கும். எதிர்ல எத்தனை பேரு உக்காந்திருக்கீங்கன்னு அவரைக் கேளுங்க."

டாக்டர் கேட்டார்.

"ரெண்டு பேர் சார்," என்றான் கம்பி. கொஞ்சம் யோசித்து, "அப்புறம் ஒரு சட்டை," என்றான்.

அதற்கு மேல் நிற்க முடியவில்லை. மேஜைக்குக் கீழிருந்த குப்பைக்கூடையை இழுத்து அதில் வாந்தி எடுத்தான். டாக்டர் எழுந்து வந்து மண்டியிட்டு அவன் நாடியைப் பிடித்தார். கண்ணைப் பிரித்துப் பார்த்தார். "விசாரணையின்போது நேரில் காணப்பட்டதுன்னு எழுதுங்க," என்று மேஜைப் பக்கம் சொன்னார். தலைவர் மறுக்கவில்லை.

பக்கத்து அறை பெஞ்சில் கம்பியைப் படுக்க வைத்தார்கள். வக்கீலம்மா குனிந்து, "கிடைச்ச மாதிரிதான், தூங்குங்க," என்றுவிட்டுப் போனார். கொழுந்தியா தரையில் உட்கார்ந்து, கட்டைவிரலால் அவன் புருவத்துக்கு மேலே அழுத்தினாள். எங்கே அழுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அது அவன் மனைவியின் கை இல்லை. அவள் இவ்வளவு அழுத்த மாட்டாள். ஆனாலும் வலி கொஞ்சம் வழிவிட்டது.

வாசலில் சகலையின் குரல் கேட்டது.

"சகலை, எப்படி இருக்கு?"

"பேசாதீங்க. மெதுவா," என்றாள் அவள்.

"இல்ல, பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வந்துருமே. போலாம்ல?"

"நீங்க முன்னால போங்க. மாமா கண்ணைத் திறக்கட்டும், வர்றேன்."

சகலை போகவில்லை. கம்பி இமையை இழை அளவு பிரித்துப் பார்த்தான். சகலை கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தான். கண் மனைவியின் கட்டைவிரல் மேல் இருந்தது. உதட்டில் ஒரு சிரிப்பை வைத்திருந்தான். அது எப்படிப்பட்ட சிரிப்பு என்று கம்பிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அது எங்கே கசக்கும் என்பதும் தெரியும்.

வலி பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. எழுந்து உட்கார்ந்து, போதும்மா, நீ கிளம்பு என்று சொல்லியிருக்கலாம்.

இமையை மூடிக்கொண்டான்.