நாவிதனின் வசனம்

...அந்த வசனம் இவருக்கு எப்படித் தெரியும், அதுதான் புரியவில்லை, திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சலங்கை கட்டுகிறேன், வெளியே மேடையில் ஜெர்வேஸ் அரசனாக விஷம் குடித்துச் செத்துக்கொண்டிருக்கிறார், அரசன் என்றால் சும்மா சாவானா, ஒரு பாட்டம் பேசித் தீர்த்துவிட்டுத்தான் சாவான், அவர் செத்து முடித்ததும் நான் போய் ஆட வேண்டும், எவ்வளவு பெரிய சோக நாடகமானாலும் கடைசியில் கோமாளி ஆடாமல் தேம்ஸ் நதித் தென்கரை ஜனம் கலையாது. ஆடலாம், கால் இன்னும் இருக்கிறது. தலைதான்... சற்று முன் அரசனுக்குச் சவரம் செய்யும் நாவிதனாக நுரைக் கிண்ணத்தோடு நின்றேன், "இன்று என் கழுத்து யாருடையது" என்று அவர் கேட்டு முடித்தார், அடுத்து நான், வாயைத் திறந்தேன், ஒன்றுமே இல்லை, கழுவிக் கவிழ்த்த பானை மாதிரி மண்டை. கீழே தரையில் நின்று கொட்டை உடைத்துத் தின்றுகொண்டிருந்த ஜனம்கூட நிறுத்திவிட்டது. டோபி, இன்றோடு உன் பிழைப்பு முடிந்தது, மறதிக்காரக் கோமாளியை எந்தக் குழு வைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அப்போதுதான் அவர் என் காதைப் பிடித்து இழுத்தார்.

"ஏண்டா, கத்திய மட்டும் எடுத்துக்கிட்டு நாக்க வீட்லயே வச்சுட்டு வந்துட்டியா?"

அரங்கமே சிரித்தது, அந்தச் சிரிப்பின் மறைவில் என் வசனத்தை, என் வசனம் முழுவதையும், என் காதுக்குள் சொன்னார். சொன்னதை அப்படியே சொன்னேன், மறுபடி சிரிப்பு, எனக்கென்று வந்த சிரிப்பு. இந்த ஜெர்வேஸா? எழுதாத ஒரு சொல்லை மேடையில் பேசியறியாத மனிதர், "எழுதினத மட்டும் பேசுய்யா, ஒஞ் சொந்தச் சரக்க மதுக்கடையில போய் வித்துக்க" என்று என்னிடம் எத்தனை தரம் எரிந்து விழுந்தவர்... அதுகூடப் போகட்டும், அவரவர் வசனச் சுருள்தானே அவரவருக்குக் கிடைக்கும், அடுத்தவர் பேச்சில் கடைசி இரண்டு சொல்லுக்கு மேல் யார் கையிலும் இல்லையே, ஒத்திகையும் ஒன்றோடு சரி. அப்படியானால் என் சுருளை எங்கிருந்தோ தேடி வாங்கி உட்கார்ந்து மனப்பாடம் செய்திருக்கிறார், தன் மலையளவு வசனத்துக்கு மேல், எனக்காக. ஈஸ்டரிலிருந்து மேடையில் ஒட்டி ஒட்டி வந்து நிற்பாரே, வெங்காய வாடையோடு, என்னை மறைக்கப் பார்க்கிறான் மனுஷன் என்று போவோர் வருவோரிடமெல்லாம் புலம்பினேனே... ஈஸ்டரிலிருந்தேவா? எனக்கே தெரியாத என் மறதியை அவர் எப்போது கண்டுபிடித்தார்? ஒருவரிடமும் சொல்லவில்லையே, கடவுளே, அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.

மேளம் தட்டிவிட்டார்கள். துள்ளிக்கொண்டு வெளியே வந்தேன், ஜனம் என் பெயரைக் கூவியது, பிணத்தைத் தாண்டிக் குதித்து ஆரம்பிப்பதுதான் என் வழக்கம், அவர் கண்மூடிக் கிடந்தார், மூக்கில் என் சவர நுரை இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது, உதடு மட்டும் லேசாக அசைந்தது. என் ஆட்டப் பாட்டின் முதல் அடி. அதையுமா படித்தார்? அந்தப் பாட்டு எனக்கு மறக்கவில்லை, ஒரு சொல்கூட மறக்கவில்லை, இருந்தாலும் தாண்டாமல் அவர் பக்கத்தில் மண்டியிட்டு, குனிந்து, காதைக் கொடுத்தேன்.