ஸப்னா வேண்டாமென்ற வீடு

எங்கள் ஊரில் பெண் பிறந்தால் வாப்பாமார் தொட்டில் கட்டும் முன்னமே அத்திவாரம் போட யோசிப்பார்கள். வீடில்லாத பெண்ணைக் கேட்டு எந்த மாப்பிள்ளை வீட்டாரும் வருவதில்லை. சுனாமி அடித்தபோது எனக்கும் என் கூட்டாளி ஸப்னாவுக்கும் கடற்கரை வளவுகளில் இருந்தது அந்த அத்திவாரம் மட்டும்தான். குடியிருந்த வீட்டை இழந்தவர்களுக்கே புதுவீடு என்றது அரசாங்கம். எங்கள் வாப்பாமார் இரண்டு வளவையும் வீடென்றே பதிந்துவிட்டார்கள். அது பிழையென்று எங்கள் தெருவில் யாருக்கும் தோன்றவில்லை. பெண்ணுக்கென்று நினைத்த வீடும் வீடுதானே!

மறு வருடம் தகரக் கொட்டிலில் நடந்த உயர்தர வகுப்பில் நிரோஜினி டீச்சர் ஒரு நாவல் படிப்பித்தார். அதில் ஒருவன் அடுத்தவன் அறுத்துக் குவித்த நெற்சூட்டுக்குத் தீ வைக்கிறான். தங்கை பார்த்துவிடுகிறாள். நீதிமன்றம் அவளைச் சாட்சிக்கு அழைக்கிறது. அவள் என்ன சொல்ல வேண்டும் என்று டீச்சர் கேட்டார்.

என் வாய் சும்மா இருக்குமா? எழும்பினேன்.

"சட்டம் இண்டைக்கு வரும், நாளைக்குப் போகும், டீச்சர். கூடப்பிறந்தவன் போவானா? வீட்டுக் கதைய வெளியில செல்றவள் ஒரு பொம்புளையா?"

வகுப்பே கைதட்டியது. பிறகு, கதைக்கவே கதைக்காத ஸப்னா எழும்பினாள்.

"நெல்லுக்காரன்ட புள்ளைகள் அந்த வருசம் என்னத்தத் திண்ட? அத ஒருத்தரும் கேக்கல்லயே. அவள் உண்மையச் செல்லட்டும். செல்லிட்டு அவன விட்டுப் போகாம நிக்கட்டும்."

"வந்திட்டா தீர்ப்புச் செல்ற காதியார்!" என்று நக்கலடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த கிழமை புதுவீட்டுப் பட்டியலைச் சரிபார்க்கக் கிராம அலுவலரான விதானையார் எங்கள் தெருவுக்கு வந்தார். வளவு பெண்ணின் பெயரில் இருந்ததால் ஒப்பமும் பெண்ணே வைக்க வேண்டும். முதல் பெயர் ஸப்னா. அவளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. வீடு கிடைத்தால்தான் நிக்காஹ்.

"இந்த வீட்டுலதான் குடியிருந்தயா, மகள்?"

"இல்ல. அத்திவாரம் மட்டும்தான் இரிந்த. என்ட பெயர வெட்டுங்க."

பக்கத்தில் நின்ற அவளுடைய வாப்பா ஜவுபர் மாமாவின் முகம் வெளிறிப்போனது. ஸப்னா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாப்பாட பிழையெண்டு எழுதாதீங்க. எனக்காகத்தான் பதிந்த. தெரிஞ்சும் நான் ஒரு வருசமா வாயப் பொத்திக்கிட்டு இரிந்தன். என்ட பிழையெண்டு எழுதுங்க."

அவளை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் மேல் கோபம் கோபமாகவும் வந்தது.

ஜவுபர் மாமா விதானையாரைப் பார்த்தார். "மகள் சென்னது சரி, வெட்டுங்க" என்றார். பிடித்த கையை அவர் விடவில்லை.

விதானையார் கோடு கீறிவிட்டு அடுத்த பெயரை வாசித்தார். என் பெயர்.

என் வாப்பா என்னைப் பார்க்காமல் பேனையை நீட்டினார். வகுப்பையே கைதட்ட வைத்த வாயால், "ஓம், குடியிருந்த" என்றேன். ஒப்பம் வைத்தேன்.

ஸப்னாவின் கலியாணம் குழம்பிப்போனது. நாட்டில் சண்டை முடிந்த வருடம்தான் அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் வீடு கேட்காமல் அவளைக் கலியாணம் முடித்தார். பெருநாளுக்குப் பிள்ளைகளோடு, அந்தப் பட்டியலில் கிடைத்த என் வீட்டுக்கு வருவாள். தேத்தண்ணி குடிப்பாள், சிரிப்பாள். அந்த ஒப்பத்தைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் கேட்டதில்லை.

அவள் வாசலில் கால் வைத்ததும் நான் எழும்பி நிற்பேன். என் வீட்டில் நான் அப்படி எழும்புவது அவள் ஒருத்திக்குத்தான்.