பத்தொன்பதாம் வரிசை

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த முதல் திங்களன்று அமலராணி வேலைக்குத் திரும்பினாள். தாம்பரத்தில் அந்தப் பெண்கள் பள்ளியின் ஆபீசில் பதினோரு வருஷமாக அவள்தான் கிளார்க். ஏப்ரலில் மஞ்சள் காமாலை வந்து அவளுடைய ஒரே மகள் ஜெயசீலி ஒன்பது நாளில் போய்விட்டாள். அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு 'பி' பிரிவில் படித்தவள்.

போன வருஷம் வாங்கிய கம்ப்யூட்டரில் வகுப்புப் பட்டியல்கள் இருந்தன. ஏழாம் வகுப்பை எட்டாக்கி, வரிசை எண்ணைப் புதிதாகப் போடவேண்டும். கம்ப்யூட்டர் வாத்தியார் ஏகநாதன் கதவருகே வந்து நின்றார்.

"எட்டு 'பி'ய மட்டும் நான் பண்ணிடறேன் மேடம்."

"வேணாம் சார். எப்படின்னு சொல்லிக் கொடுங்க, போதும்."

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "முதல் கட்டத்துல ஒண்ணு, அதுக்குக் கீழ ரெண்டு அடிங்க. ரெண்டையும் சேர்த்துப் புடிச்சு, மூலையில இருக்கிற சின்னப் புள்ளிய மவுஸால கீழ இழுங்க. மீதிய அதுவே போட்டுக்கும்."

மற்ற வகுப்புகளை முடித்துவிட்டு எட்டு 'பி'க்கு வந்தாள். ஜெயசீலி என்ற பெயரை அழித்தாள். கண்ணில் நீர் வரவில்லை. வெற்று வரியை அப்படியே விட்டுவிட்டுப் புள்ளியைப் பிடித்து இழுத்தாள். நாற்பத்து நான்கு எண்கள் ஒரே மூச்சில் இறங்கி நின்றன. பிரிண்ட் எடுத்து அனுப்பினாள்.

அரைமணி கழித்து ஆயா முனியம்மா காகிதத்தோடு திரும்பி வந்தாள்.

"இன்னாக்கா, பத்தொம்பதுல நம்பர் மட்டும் கீது, பேரக் காணோம்? எச்.எம். அம்மா கேக்கறாங்க." சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கொடு. சரி பண்ணித் தரேன்."

அமலராணி அந்த வரியையே எடுத்துவிட்டாள். கீழே இருந்த பெயர்கள் எல்லாம் ஒரு படி மேலே ஏறின. மறுபடியும் ஒன்று, இரண்டு அடித்து இழுத்தாள். நாற்பத்து மூன்றில் நின்றது. எங்கேயும் இடைவெளி இல்லை. யார் பார்த்தாலும் அங்கே ஒரு பெண் இருந்தாள் என்று சொல்லமுடியாது. அழுகை வருமென்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

மத்தியானம் ஆபீஸ் ஜன்னலில் காமாட்சி வந்து நின்றாள். போன வருஷம் ஜெயசீலியின் பக்கத்தில் உட்கார்ந்தவள்.

"மிஸ், போர்டுல எனக்குப் பத்தொம்பதுன்னு போட்டிருக்கு. நான் இருபதுதானே? நோட்டுலல்லாம் இருபதுன்னு எழுதிட்டேன்."

"இல்லம்மா. இப்ப நீ பத்தொம்பது."

காமாட்சி போகவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்தாள். "எனக்கு அது வேணாம் மிஸ்," என்றாள். குரல் உடைந்துவிட்டது.

அமலராணி எழுந்துபோய் அவள் கையிலிருந்த நோட்டை வாங்கினாள். லேபிளில் இருபதை அடித்து, பக்கத்தில் பத்தொன்பது என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். "கிளாசுக்குப் போ. பெல் அடிச்சாச்சு."

சாயங்காலம் ரயிலேறி ஊரப்பாக்கத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தாள். புருஷன் துரைராஜ் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான்.

"முதல் நாளே வேலை ஜாஸ்தியா?"

"இல்ல. எல்லாத்தையும் கம்ப்யூட்டரே போட்டுடுச்சு."

விளக்கைப் போட்டுவிட்டு, இரண்டு பேருக்கு மட்டும் அரிசி களைந்தாள்.