பார்வை போனவனுக்கு ஊதா நிறம்

என் கொழுந்தன் மால்கமுக்கு எதையும் இருக்கிறபடி விட்டுவைக்கத் தெரியாது. டீ போடச் சொன்னால் டீயைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு ஆறிப்போனதைக் கொண்டுவந்து நீட்டுவான். இந்த வசந்த காலத்தில் பவுடர் கோட்டிங் பற்றி இரண்டு வீடியோ பார்த்தான். அதற்கப்புறம் ஹாலிஃபாக்ஸ் ஊரிலேயே அவனைவிட அந்த வேலை தெரிந்தவன் கிடையாது.

அது பெயிண்ட் அடிப்பது இல்லையாம். உலர்ந்த பிளாஸ்டிக் பொடியை ஒரு மின்சாரத் துப்பாக்கியால் இரும்பின் மேல் தூவி, அடுப்பில் வைத்துச் சுட வேண்டுமாம். பொடி உருகித் தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளுமாம். யாரும் கேட்காமலே என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, என் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே இதைச் சொன்னான்.

என் கணவன் கிளிஃபுக்குச் சர்க்கரை நோயால் போன வருஷம் பார்வை போய்விட்டது. கராஜில் அவனுடைய கறுப்பு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவனிடம் வந்து சேர்ந்தது. ஓட்ட முடியாத வண்டி எதற்கு என்று அவனே விற்க முடிவு செய்தான். யார்க் நகரிலிருந்து பிக்கர்ஸ்கில் என்று ஒருவர் வாங்கிப்போக வருவதாக ஏற்பாடு.

"அவரு வர்றதுக்கு முன்னாடி ஒரே ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணிக் காட்டு ஹேஸல்," என்றான் கிளிஃப். "அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு விட்டுடறேன்."

பார்வை போனதிலிருந்து அவன் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். பகலெல்லாம் ஜன்னல் பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சிரிப்பு என்பதே மறந்துபோயிருந்தது. ஒரு புது பேட்டரி மாட்டினால் முடிகிற காரியம். அது மால்கம் காதில் விழுந்துதான் வினை.

"இந்தக் கோலத்துலயா அண்ணி விக்கப்போறீங்க? எஞ்சினத் தாங்குற பிராக்கெட்டெல்லாம் துருப்பிடிச்சுக் கெடக்கு. எங்கிட்ட விடுங்க. ஊதாக் கலர் போட்டுப் பளபளன்னு நிறுத்தறேன். அண்ணன் பாத்தா அசந்துடுவான்!"

"உன் அண்ணனுக்குக் கண்ணு தெரியாது மால்கம்."

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றது அண்ணி."

மறுவாரம் கிளிஃபைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப்போய்த் திரும்பினோம். வீட்டில் பிளாஸ்டிக் கருகிய நாற்றம். ஓடிப்போய்ச் சமையலறை ஓவன் அடுப்பைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என் யார்க்ஷயர் புடிங் பொங்கி எழும் இடத்தில் கம்பியில் கோத்த பிராக்கெட்டுகள் ஊதா நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் மால்கம் என் கையுறைகளை மாட்டிக்கொண்டு நின்றான், ஏதோ விருந்து சமைக்கிறவன் மாதிரி.

"இதுல இனிமே சமைக்கக் கூடாது அண்ணி. உடம்புக்கு ஆகாது," என்றான். அக்கறையாம்!

"இதை உன் கழுத்துல கட்டித் தொங்கவிடலாமா?"

அடுப்பைப் பிடுங்கி கராஜுக்குத் தள்ளச் சொன்னேன். அன்றிலிருந்து நாங்கள் கடையில் வாங்கிய மீனும் உருளைக்கிழங்கு வறுவலும்தான் தின்றோம். அவனும் கூடவே உட்கார்ந்து தின்றான். தின்றுகொண்டே பாடம் நடத்தினான்.

"எர்த்துதான் அண்ணி எல்லாம். இரும்புக்கு எர்த் சரியா கெடைக்கலேன்னா பவுடர் ஒட்டவே ஒட்டாது. தெரியாதவனெல்லாம் அங்கதான் கோட்டை விடுவான்."

கிளிஃப் மீனில் முள் இருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிக்கர்ஸ்கில் மதியம் வருவதாகச் சொல்லியிருந்தார். காலையிலேயே கிளிஃப் முகம் மழித்து, பழைய தோல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தான். அவன் கையைப் பிடித்து கராஜுக்குக் கூட்டிப்போய் ஸ்டூலில் உட்கார வைத்தேன். கறுப்பு வண்டியில் அங்கங்கே ஊதா மினுமினுத்தது. துக்க வீட்டுக்கு யாரோ கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

"ரெடியா அண்ணே?" என்று மால்கம் பொத்தானை அழுத்தினான்.

ஒன்றுமில்லை. உறுமல் இல்லை, முனகல் இல்லை, விளக்குகூட எரியவில்லை. மறுபடி அழுத்தினான். பிறகு உதைத்தான்.

"பேட்டரி மட்டம். கடைக்காரன் ஏமாத்திட்டான்," என்றான்.

கிளிஃபின் தோள்கள் மெல்லத் தொங்கிப்போவதைப் பார்த்தேன். மால்கமை அந்த அடுப்புக்குள்ளேயே திணித்துக் கதவைச் சாத்தலாம் போல் வந்தது எனக்கு.

"'டிக்'குன்னுகூட சத்தம் வரலியே," என்றான் கிளிஃப். எழுந்தான். கையை நீட்டி வண்டியைத் தொட்டான். டேங்குக்கு அடியில், எஞ்சினைப் பிடித்திருக்கும் பிராக்கெட் வரை விரல் போனது. பேட்டரியின் எர்த் ஒயர் திருகப்பட்டிருந்த இடத்தில் நின்றது. நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

"டேய், எர்த் ஒயருக்கு அடியிலயும் பவுடர் போட்டியா?"

"எல்லாப் பக்கமும் போட்டேன்ணே. ஒரு இடம் விடல."

"பிராக்கெட்டோட முதுகுலயும்?"

"அங்கதான் ரெண்டு கோட்டு."

வாரக்கணக்கில் எர்த் எர்த் என்று உயிரை வாங்கியவன், வண்டியின் எர்த்தையே பிளாஸ்டிக்கில் பொதிந்து சுட்டுவைத்திருக்கிறான். கரண்ட் எந்த வழியாகப் போகும்? நான் ஸ்பேனரால் போல்ட்டைக் கழற்றினேன். பிறகு சமையலறைக்குப் போய் உருளைக்கிழங்குத் தோல் சீவும் கத்தியை எடுத்துவந்தேன்.

"ஐயோ, வேணாம் அண்ணி! ஃபினிஷிங் போயிடும்! இருங்க, மெதுவா நான் பாத்து..."

"தள்ளு."

முன்னும் பின்னும் சுரண்டினேன். இத்தனை சந்தோஷமாக நான் எதையும் தோல் சீவியதில்லை. ஊதாச் சுருள்கள் தரையில் விழ விழ மால்கம் தன் தோலையே உரிக்கிறமாதிரி முகத்தைச் சுளித்தான். அடியில் வெள்ளை இரும்பு தெரிந்ததும் திருகி இறுக்கிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

கராஜ் கதவு அதிர்ந்தது. கிளிஃப் இரண்டு கையையும் டேங்கின் மேல் விரித்து வைத்துக்கொண்டு நின்றான். அவன் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. நானும் துடைக்கவில்லை.

பிக்கர்ஸ்கில் வந்தபோதும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கேட்டுச் சிரித்தபடி நுழைந்தவர் வண்டியைப் பார்த்ததும் நின்றார்.

"எந்த முட்டாள் பண்ணுன வேலை இது? கறுப்பு வண்டியில்ல நான் கேட்டேன்?" காரைத் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டார்.

மால்கம் தொண்டையைச் செருமினான். "அப்ப வண்டி அண்ணன்கிட்டயே தங்கிடுச்சு. யாரால? சொல்லுங்க அண்ணி."

கிளிஃப் என் பக்கம் திரும்பினான்.

"அவ்வளவு கண்றாவியாவா இருக்கு, ஹேஸல்?"

"பாக்கச் சகிக்கல."

"நல்லவேளை, நான் தப்பிச்சேன்," என்றான் கிளிஃப். சொல்லிவிட்டுச் சிரித்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பார்வை போனதற்கப்புறம் முதன்முறையாக. மால்கமும் பெருமையாகச் சேர்ந்து சிரித்தான். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. என்னால் வரவழைக்க முடியாத அந்தச் சிரிப்பை, போயும் போயும் இவன் சுட்ட ஊதாதான் கொண்டுவந்தது.