எப்போதாவது என்றால் எத்தனை தடவை

காசிலிங்கம் அண்ணாச்சியின் கப்பல் ஏஜென்சியில் அனுசியா சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. கப்பல் எப்போது வரும், எந்த பெர்த்தில் கட்டும், குடிதண்ணீர் எத்தனை டன் வேண்டும் என்பதையெல்லாம் இங்கிலீஷில் கேட்பதும் பதில் எழுதுவதும் அவள்தான். அந்த இங்கிலீஷ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அது சரக்கின் பாஷை. ஒரு ஆள் தன் மனசைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவள் தடுமாறிப் போவாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கப்பலைச் சோதிக்கும் சர்வேயராக வந்த ஒரு இங்கிலீஷ்காரர் ஒரு கப்பலின் சரக்கறை மேல்மூடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதில் எனக்குக் கொஞ்சம் கவலை” என்றார். “கொஞ்சந்தானாம் அண்ணாச்சி” என்று அனுசியா வந்து சொன்னாள். மறுநாள் காலையில் அந்தக் கப்பலில் சரக்கே ஏற்றக்கூடாது என்று அவர் கையெழுத்துப் போட்ட அறிக்கை வந்தது. அண்ணாச்சி கத்திய கத்தல் தெருமுனைவரை கேட்டது. அந்த ஊர்க்காரர்களின் ‘கொஞ்சம்’ நம்முடைய கொஞ்சம் இல்லை என்று அன்றைக்கு அவளுக்கு விளங்கியது.

போன ஆவணியில் இந்தோனேசியாவிலிருந்து நிலக்கரிக் கப்பல் ஒன்று வந்தது. அதன் சீஃப் இன்ஜினியருக்குப் பல் வலி, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று மெயில் வந்திருந்தது. அவர் பெயர் ஆலன், இங்கிலாந்துக்காரர், வயது ஐம்பத்தெட்டு. அனுசியா ஆபீஸ் காரில் அவரை பாளையங்கோட்டை ரோட்டில் இருக்கிற பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பல்லைப் பிடுங்கினார்கள். அவர் முனகவே இல்லை.

திரும்பி வரும்போது மணி மூன்றரை. டிரைவர் பாண்டியராஜ் உப்பளங்களுக்கு நடுவே காரை ஓட்டிக்கொண்டிருந்தார். ஆலன் கன்னத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார். அனுசியா பேச்சுக்குக் கேட்டாள்: “வலி எப்படி இருக்கிறது, சார்?”

“பரவாயில்லை” என்றார். பிறகு, பஞ்சை எடுத்துவிட்டு, வானிலையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்: “எப்போதாவது எனக்குத் தோன்றும். பேசாமல் கப்பலிலிருந்து இறங்கி நடந்துவிட்டால், யாராவது கவனிப்பார்களா என்று.” சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். “முட்டாள்தனம்தான், பல்மருந்து மயக்கம் போல.”

அனுசியாவும் சிரித்து வைத்தாள்.

கப்பலடியில் இறங்கும்போது ஆலன் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி பாண்டியராஜ் கையில் வைத்தார். “நன்றாக ஓட்டினீர்கள்” என்றார். பாண்டியராஜ் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஏணிப்படியில் ஏறிப் போய்விட்டார்.

காரைத் திருப்பியபிறகு பாண்டியராஜ் கேட்டார்: “வரும்போது என்னமோ சொன்னாவல்லா அக்கா, என்ன அது?”

“ஒண்ணுமில்ல பாண்டி. எப்பமாவது தோணுமாம். கப்பல்ல இருந்து இறங்கி நடந்துட்டா யாரும் கவனிப்பாவளான்னு.”

பாண்டியராஜ் கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகு காரை ஓரமாக நிறுத்தினார்.

“அக்கா, கப்பல்ல இருந்து இறங்கினா கடல்லா இருக்கு. எங்கன போய் நடக்க?”

இங்கிலீஷில் கேட்டபோது அவளுக்கு வராத பயம், தன் வாயாலேயே தமிழில் சொல்லி, பாண்டியராஜ் வாயால் திரும்பக் கேட்டபோது வந்தது. அண்ணாச்சிக்குப் போன் போட்டாள்.

“எம்மா, கப்பல வெளிய கொண்டுபோவ ஆறரைக்குப் பைலட் ஏறுதாரு” என்றார் அண்ணாச்சி. “வெள்ளக்காரன் பல்லு வலியில நாலு பேசுவான். அதப் போயி நீ பெருசாக்காத. எப்பமாவதுன்னுதான சொல்லிருக்கான்?”

“கொஞ்சம் கவலன்னு சொன்னவரையும் நாம இப்படித்தான நெனச்சோம், அண்ணாச்சி.”

“அது மூடி. இது மனுசன். நீ ஆபீசுக்கு வா.”

அவள் ஆபீசுக்குப் போகவில்லை. “பாண்டி, அந்த வாட்ச்சைக் குடுங்க. திருப்பிக் குடுக்கப் போறேன்னு சொல்லிட்டு ஏறுதேன்” என்றாள்.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினாள். ஆலனின் அறைக் கதவு திறந்திருந்தது. படுக்கை விரிப்பு ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்து விடப்பட்டிருந்தது. மேசைமேல் ஒரு காகிதம்கூட இல்லை. அவர் கட்டில் ஓரத்தில், ஷூ போட்டபடியே உட்கார்ந்திருந்தார்.

அவள் கடிகாரத்தை நீட்டினாள். “டிரைவர் இதை வாங்கமாட்டார், சார்.”

“சரி” என்று வாங்கிக்கொண்டார். கையில் கட்டவில்லை.

காரில் வரும்போது யோசித்து வைத்திருந்த வாக்கியமெல்லாம் மறந்துபோயிற்று. தெரிந்த இங்கிலீஷில் நேராகக் கேட்டாள்: “சார், எப்போதாவது என்று சொன்னீர்கள். எப்போதாவது என்றால் எத்தனை தடவை?”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அப்படி யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருந்தது. கீழே எங்கேயோ ஜெனரேட்டர் ஓடுகிற அதிர்வு தரைவழியே அவள் காலில் ஏறியது.

“தினமும்” என்றார் கடைசியில். “சாயங்காலம் வேலை முடிந்ததும் கப்பலின் பின்பக்கம் போய் நிற்பேன். மார்கரெட் போனபிறகு நாலு மாசமாக.” மார்கரெட் அவர் மனைவி, இறந்துபோனவர் என்பதை அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியவேண்டும் என்றில்லை.

“கேப்டனிடம் சொல்லலாமா?”

“அவரைத் தொந்தரவு செய்ய எனக்கு அவ்வளவு விருப்பமில்லை.”

“நான் தொந்தரவு செய்கிறேன். நீங்கள் கூட வாருங்கள்.”

கேப்டன் ருமேனியாக்காரர். புறப்பாட்டுத் தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அனுசியா வாசலிலேயே நின்று, “உங்கள் சீஃப் இன்ஜினியர் இந்தக் கப்பலில் இன்று போகக்கூடாது” என்றாள். கேப்டனின் முகம் சிவந்தது. இதைச் சொல்ல நீ யார் என்று கேட்டார். மருத்துவச் சான்று எங்கே என்றார். பிறகு ஆலனைப் பார்த்து, “நீ சொல். உனக்கு என்ன?” என்றார்.

அனுசியாவும் ஆலனைப் பார்த்தாள். ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று அவர் சொல்லிவிட்டால் அவ்வளவுதான். அவள் இறங்க வேண்டும், ஏணியைத் தூக்கிவிடுவார்கள்.

ஆலன் தரையைப் பார்த்தார். “நான் வராமல் இருந்தால் நல்லது என்று நினைக்கிறேன், கேப்டன்” என்றார். “ஒருவேளை.”

கேப்டன் பேனாவைக் கீழே வைத்தார். முப்பது வருடமாக எத்தனையோ தேசத்து ஆட்களோடு கடலில் கிடந்தவர் அவர். எழுந்து வந்து ஆலனின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு பைலட் வேண்டாம் என்று துறைமுகத்துக்குச் சொன்னார்.

மும்பையிலிருந்து வேறு இன்ஜினியர் வந்து, மூன்றாம் நாள்தான் கப்பல் கிளம்பியது. முதல் நாள் முழுக்க அண்ணாச்சி அவளோடு பேசவில்லை. இரண்டாம் நாள் காலையில், ஆலனைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ஒரு தூக்கில் கஞ்சி. ஆலன் தூங்கிக்கொண்டிருந்தார். வெகுநேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, வராந்தாவுக்கு வந்து அனுசியாவிடம் மெதுவாகச் சொன்னார்: “அன்னைக்குக் காலையில பேப்பர்ல கையெழுத்து வாங்க நானுந்தான் கப்பலுக்குப் போயிருந்தேன், எம்மா. அந்த மூஞ்சியப் பார்த்தேன். பல்லு வலின்னுட்டு வந்துட்டேன்.”

அன்று மாலை ஆலன் விழித்திருந்தார். டாக்டர் கொடுத்த மாத்திரையில் பேச்சு மெதுவாக வந்தது. “உனக்கு எப்போதாவது இப்படித் தோன்றுவதுண்டா?” என்று கேட்டார்.

சாத்தான்குளத்தில் கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் அனுசியா திரும்பி வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. தமிழில் யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், அதெல்லாம் ஒண்ணுமில்லை என்றுதான் சொல்லியிருப்பாள். அம்மாவிடம் அப்படித்தான் சொல்லிவந்தாள்.

“சாக வேண்டும் என்று இல்லை” என்றாள். “ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும், நான் இந்த ஊரில் இருப்பதே யாருக்கும் தெரியாதோ என்று இருக்கும்.”

அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டார் என்பது மட்டும் தெரிந்தது. அவளுக்கு அழுகை வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மாத்திரைச் சீட்டைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

ஐந்தாம் நாள் கப்பல் கம்பெனி அனுப்பிய ஒரு ஆள் ஆலனை ஊருக்குக் கூட்டிப்போகத் துணைக்கு வந்தார். வாகைக்குளம் விமான நிலையத்தில் ஆலன் அவளுக்கும் பாண்டியராஜுக்கும் கைகொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். போய்ச் சேர்ந்தாரா என்று இரண்டு மாதத்துக்கு மேல் தகவல் இல்லை. அனுசியா ஒவ்வொரு காலையும் மெயிலைத் திறந்ததும் முதலில் அவர் பெயரைத்தான் தேடுவாள்.

கார்த்திகையில்தான் மெயில் வந்தது. தங்கை வீட்டில் இருப்பதாகவும், வியாழக்கிழமைகளில் ஒரு டாக்டரிடம் போவதாகவும் எழுதியிருந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதவில்லை. கடைசியில் ஒரு கேள்வி இருந்தது: ‘உங்கள் ஊர் உப்பளத்தில் நீண்ட காலோடு வெளிறிய ரோஸ் நிறத்தில் பறவைகள் நின்றன. அவற்றுக்கு உங்கள் பாஷையில் என்ன பெயர்? தங்கைக்குச் சொல்ல வேண்டும்.’

பதினோரு வருடமாக அந்த ரோட்டில் போய்வருகிறவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு பாண்டியராஜிடம் கேட்டாள்.

“பூநாரை, அக்கா” என்றார் அவர். “மழ முடிஞ்சா இன்னும் வரும்.”

அதை அப்படியே எழுதி அனுப்பினாள்.