முத்துவீரன் கிணற்றின் அடியில்

மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருடம் கம்பம் ஏறியவன் நான். ஓய்வு பெற்றதும், மிச்ச நாளில் கீழே இறங்கிப் பார்ப்போமே என்று சிலிண்டர் மாட்டி முக்குளிக்கும் ஸ்கூபா கற்கக் கடற்கரைக்குப் போனேன். கடலுக்கடியில் வீரபாண்டித் திருவிழாவை மிஞ்சிய கூட்டம். ஒரு மீனைப் பார்க்க ஒன்பது பேர் வரிசை. மீனே சலித்து முதுகைக் காட்டியது. எங்கள் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்காத கிணறுகள் கிடக்க, இந்த நெரிசல் எதற்கு? பயிற்சியாளர் பலவேசத்தைச் சிலிண்டர்களோடு வண்டியில் ஏற்றி எங்கள் ஊர் ஓடைப்பட்டிக்கே கொண்டுவந்துவிட்டேன்.

முதலில் ஆண்டிபட்டிப் பக்கம் கைவிட்ட கல்குவாரி. அங்கே பார்த்த முக்காலடி விரால், டீக்கடைக்கு வருவதற்குள் ஆள் நீளமாகி மீசையும் வளர்த்திருந்தது. யாரும் நம்பவில்லை, சிரிப்பதற்காகவே இன்னொரு டீ சொன்னார்கள்.

அடுத்தது முத்துவீரன் கிணறு. அவன் என்னோடு பள்ளிக்கூடம் போனவன். இரண்டு ஏக்கர் திராட்சைப் பந்தல் அவனுக்கு. அந்த வருடம் மழை இல்லை. கொடியைக் கவாத்து வெட்டினால் நான்கு மாதம் தண்ணீர் குறையாமல் வேண்டும். வெட்டாமல் விட்டால் காய்ப்பு இல்லை, கொடியாவது பிழைக்கும்.

“வெளையாட்டு இருக்கட்டும் மச்சான்,” என்றான். “முன்ன மாதிரி ஊற மாட்டேங்குது. ஊத்துக்கண்ணு சேறு அடைச்சிருக்கா, வத்தியே போச்சான்னு பாத்துச் சொல்லு. அத வச்சுத்தேன் கவாத்து.”

இறங்கினோம். விளக்கடித்து, சேற்றை வழித்து, ஊற்றுக்கண்ணைக் கண்டுபிடித்தோம். கையை வைத்தேன். சுண்டுவிரல் கனம்கூட இல்லாத கசிவு.

மேலே வந்தால், முத்துவீரனும் அவன் மனைவி சுப்புத்தாயும் என் வாயையே பார்த்து நிற்கிறார்கள். என் பேச்சுக்கு அதுவரை அப்படிக் காத்திருந்தவர்கள் யாருமில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

“சேறுதேன் மாப்ள அடைச்சிருந்துச்சு. எடுத்துவிட்டதும் யானத் தும்பிக்க கனத்துக்குப் பீச்சுது. பலவேசத்த அப்படியே தூக்கிச் சுவத்துல ஒட்ட வச்சிருச்சு.”

சுப்புத்தாய் சிரித்தாள். முத்துவீரன் சிரிக்கவில்லை.

வண்டியில் பலவேசம் கேட்டார்: “ஏன் அண்ணாச்சி அப்பிடிச் சொன்னிய?”

“நான் சொல்றதுல பத்துல ஒண்ணத்தேன் எடுத்துக்கிரணும்னு ஊருக்கே தெரியும்யா.”

“தும்பிக்கைல பத்துல ஒண்ணுன்னாலும் அது ஓடுற தண்ணில்லா? அங்க இருக்கது வெறுங் கசிவுதான.”

உண்மையைச் சொல்லிவிட மறுநாள் காலையிலேயே போனேன். பாதிப் பந்தல் மொட்டையாகியிருந்தது. வெட்டிய கொடியை ஒட்ட வைக்கவா முடியும்? ஆயுளில் நான் வாயை மூடியிருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

நாற்பத்தாறாம் நாள் மோட்டார் காற்றை இழுத்தது. பூவெடுத்த கொத்துகள் கடுகாய்க் கருகின. பிறகு கொடிகளும் அடியோடு காய்ந்தன.

அப்புறம்தான் போய்ச் சொன்னேன். “மாப்ள, நான் சொன்னது பொய். சுண்டுவெரல் கனம்கூட இல்ல.”

காய்ந்த கொடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து என் தோளைத் தட்டினான்.

“எப்பவும் கூட்டிச் சொல்லுவ, இப்ப எனக்கு ஆறுதலாக் கொறச்சுச் சொல்றியாக்கும். நீ என்ன செய்வ, வானம் ஏமாத்திருச்சு. அவ்வளவு பெரிய ஊத்து எங்கிட்டுப் போயிரும்? கீழதேன் எறங்கியிருக்கும். இன்னும் முப்பதடி தோண்டச் சொல்லிட்டேன்.”

“சத்தியமாச் சொல்றேன் மாப்ள.”

“ஏத்தா, மச்சானுக்குத் தண்ணி குடு,” என்று வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தான்.

கிணற்று மேட்டில் கிரேனை நிறுத்தி, வெடி வைக்கிறவர்கள் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தார்கள்.