சீமெந்து மூட்டை எழும்பாது

1.

இந்தக் கதையை என் மனைவியின் கணினியிலிருந்து திருடினேன். அவளுக்கும் அது தெரியும். "எழுதுங்கோ, ஆனா நடக்காததை எழுதாதேங்கோ" என்று சொல்லித்தான் விட்டாள். கதை எழுதுகிறவனிடம் இப்படியொரு நிபந்தனை வைத்தால் அவன் எங்கே போவான்?

இப்போது நயினாதீவு இறங்குதுறையில் உட்கார்ந்து கைத்தொலைபேசியில் தட்டிக்கொண்டிருக்கிறேன். நிமிடத்துக்கொருமுறை கடலைப் பார்க்கிறேன். ஏனென்று ஒழுங்காகச் சொல்ல ஒரு தொடக்கம் வேண்டும். இதுவரை எழுதியவை:

கடல் அன்று அமைதியாக

(வேண்டாம். கடலை வைத்து எழுதுகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.)

நிருஜாவுக்குச் சிறு வயதிலிருந்தே தண்ணீரென்றால் பயம். அவளுடைய சித்தப்பா ஒருவர்

(இதை அவளிடம் காட்டினேன். "எனக்கு அப்பிடியொரு சித்தப்பாவே இல்லையே" என்றாள். அழித்துவிட்டேன். சரி, அழிக்கவில்லை.)

2.

நடந்ததையே சொல்கிறேன். என் மனைவி நிருஜா யாழ்ப்பாணத்தில் மென்பொருள் எழுதுகிறாள். அவளுடைய அண்ணன் ஜெகதீஸ் குறிகட்டுவான் துறைக்கும் நயினாதீவுக்கும் இடையில் ஆளேற்றும் படகு ஓட்டுகிறார். தீவுக் கோயில் திருவிழாக் கூட்டத்துக்காகப் படகின் மேல் ஒரு தட்டுப் போட நினைத்தார். கீழே நிழலுக்கு நிழல், மேலே ஆளும் ஏற்றலாம். போடுமுன் வீட்டுக்கு வந்தார்.

"பிள்ளை, உன்ர கணினியில ஒருக்காப் போட்டுப் பார். பாரம் தாங்குமோ?"

படகைக் கணினிக்குள் எப்படிப் போடுவதென்று அவளிடம் கேட்டேன். இரண்டு எண் போதுமாம்.

"படகு இப்ப எவ்வளவு சரிஞ்சிருக்கு, எவ்வளவு வேகமாச் சரியுது. அதுதான் அதின்ர நிலை. அலை வெளியில இருந்து தள்ளும். நிலையும் தள்ளுறதும் தெரிஞ்சா அடுத்த நொடி என்னெண்டு சொல்லலாம். அதைத்தான் சமன்பாடா எழுதுறன்."

"அப்ப முந்தி நடந்தது?"

"தேவையில்லை. முந்தி நடந்ததெல்லாம் இப்பத்தைய நிலைக்குள்ளேயே இருக்கு."

எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் தொழிலில் அது நடக்காது. கலியாண வீட்டில் ஒருவர் சாப்பிடாமல் எழும்பிப் போனார் என்று எழுதினால், அவருடைய பாட்டன் காலத்து வேலி வழக்கிலிருந்து தொடங்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் நிலை என்றால் அதுதான்.

3.

சமன்பாடு சரியா என்று பார்க்க உண்மையான அளவு வேண்டும். ஆட்களுக்குப் பதிலாக, தீவுக்குக் கொண்டுபோகவிருந்த சீமெந்து மூட்டைகளைக் கீழேயும், பலகை கட்டி மேலேயும் அடுக்கினார்கள். அவள் தன் தொலைபேசியைப் படகில் ஒட்டி, படகை ஆட்டிவிட்டு, அது சரிவதையும் நிமிர்வதையும் பதிந்தாள். கணினி வரைந்த கோடும் தொலைபேசி பதிந்த கோடும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. இரண்டும் ஆடி ஆடி அடங்கின. அந்தச் சந்தோசத்தை அவள் முகத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை.

"ஓம் அண்ணை, தாங்கும்" என்றாள்.

தட்டு ஏறியது. ஜெகதீஸ் துறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "என்ர தங்கச்சி கணக்குப் பாத்தவள்."

4.

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அவள் மனநிம்மதியையும் சேர்த்துக் கெடுத்தேன்.

குசினியில் அவள் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றாள். பகிடியாகத்தான் சொன்னேன்.

"சீமெந்து மூட்டை நல்ல சனம், என்ன? கரையைக் கண்டவுடனை எழும்பாது."

(இந்தப் படகுகளில் ஏறாதவர்களுக்கு ஒரு குறிப்பு: துறை கிட்ட வந்ததும் எல்லாரும் எழும்புவோம். அர்ச்சனைப் பையோடு, பிள்ளைகளோடு, துறைப் பக்கம் போய் நெருக்குவோம். கயிறு இன்னும் கட்டியிருக்காது. முதலில் இறங்கி என்ன கண்டோம் என்று யாரும் கேட்டதில்லை. நானும் எழும்புகிறவன்தான்.)

அவள் சிரிக்கவில்லை. அடுப்பை நிறுத்திவிட்டுக் கணினிக்குப் போனாள்.

அதுவரை சனம் அவளுடைய சமன்பாட்டில் ஒரே இடத்தில் கிடக்கும் பாரம். இப்போது சனமும் நிலைக்குள் வந்தது: எவ்வளவு தூரம் பக்கத்துக்குப் போயிருக்கிறார்கள், எவ்வளவு வேகமாகப் போகிறார்கள். இரண்டு எண் நான்கானது. சனம் துறைப் பக்கம் போனால் படகு சரியும். படகு சரிந்தால் நிற்கிற சனம் இன்னும் அந்தப் பக்கம் போகும். போனால் இன்னும் சரியும்.

திரையில் கோடு ஆடியது. இம்முறை அடங்கவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பெருத்துத் திரையைத் தாண்டிப் போனது.

மேல்தட்டில் ஆள் இல்லையென்று போட்டாள். அடங்கியது. மேலே ஆளிருக்கட்டும், கயிறு கட்டும்வரை ஒருவரும் எழும்பவில்லையென்று போட்டாள். அதுவும் அடங்கியது. பிறகு கதிரையில் சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

5.

ஜெகதீசை வில்லனாக்கினால் கதை சுலபமாகிவிடும். அவர் வில்லன் இல்லை. அவள் திரையைக் காட்டிச் சொன்னதையெல்லாம் கேட்டார். முகம் கறுத்துவிட்டது.

"தாங்குமெண்டு நீதானே சொன்னனி."

"பிழையாச் சொல்லிப்போட்டன் அண்ணை. மேல ஆக்களை ஏத்தாதேங்கோ."

"தட்டைப் போட்டிட்டு ஏறாதேங்கோ எண்டா ஆர் கேப்பினம்? திருவிழா முடியக் கழட்டுறன்."

"அப்ப எழும்பவாவது விடாதேங்கோ."

"நான் சுக்கானைப் பிடிக்கிறதோ, சனத்தைப் பிடிக்கிறதோ? ஏலாது பிள்ளை. ஏலுமெண்டா நீயே வந்து சனத்தை இருத்து."

கோபத்தில் சொன்னார். அவள் ஓம் என்றுவிட்டாள்.

இங்கேதான் என் பாத்திரத்தை நானே நம்ப மறுக்கிறேன். பேருந்தில் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போனாலும் சத்தம் போடாமல் அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து வருகிறவள் இவள். ஒரு படகுச் சனத்தை எப்படி அதட்டுவாள்?

"நீர் போகாதேயும், நான் போறன்" என்றேன்.

"என்ர கணக்கை நம்பித்தான் சனம் மேல ஏறுது. நான்தான் போகவேணும். நீங்கள் முந்தின படகில போங்கோ. உங்களைப் பாத்தா எனக்குச் சத்தம் வராது."

அப்படித்தான் நான் இக்கரையில் இருக்கிறேன்.

6.

கைவசமுள்ள முடிவுகள்:

(அ) நிருஜா அதட்டினாள். சனம் எழும்பாமல் அடங்கி இருந்தது. ஜெகதீஸ் அன்றைக்கே தட்டைக் கழற்றினார். (இது வெறும் ஆசை.)

(ஆ) சனம் எழும்பியது. படகு

(இதற்கு மேல் எழுத எனக்கு ஏலாது.)

(இ) படகு கொஞ்சம் சரிந்து நிமிர்ந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நாளைக்கும் எழும்புவார்கள். (இதுதான் நடக்கும்போல இருக்கிறது. இதை நினைத்தால்தான் அதிகம் பயமாக இருக்கிறது.)

7.

படகு தெரிகிறது. மேல்தட்டு நிறையச் சனம். கீழே, நடுவில், நீலச் சட்டையோடு நிற்கிறாள். ஒரு கையை உயர்த்தியிருக்கிறாள். வாய் அசைகிறதா என்று தெரியவில்லை.

மேலே ஒருவர் எழும்பிவிட்டார். பக்கத்தில் ஒரு பெண் பையைத் தோளில் மாட்டுகிறாள்.

எழுதுகிறவனுக்கு ஒரு வசதி இருக்கிறது. எழுதுகிறேன்: எல்லாரும் இருந்தார்கள்.

நிமிர்ந்து பார்க்கிறேன். மேலே பாதிப் பேர் நிற்கிறார்கள்.

மறுபடியும் எழுதுகிறேன்: எல்லாரும் இருந்தார்கள்.

படகு துறைப் பக்கம் சரிகிறது. நீலச் சட்டை எனக்குத் தெரியவில்லை, முன்னால் ஆட்கள் மறைக்கிறார்கள். இதைக் கீழே வைத்துவிட்டுக் கத்தப் போகிறேன். காற்று எனக்கு எதிராக அடிக்கிறது, என் ஒருவன் சத்தம் அங்கே எட்டாது. மனதுக்குள் வாசிக்கிறதை விட்டுவிட்டு நீங்களும் சேர்ந்து கத்துங்கள்:

"இருங்கோ! இன்னும் கயிறு கட்டேல்லை!"